கோவில் அக்காவின் முப்பதாம் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கத்தோலிக்கக் கோவில் வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்த அக்கா இறந்து 20 நாள் ஆகிறது. அன்றிலிருந்து என் போன் ஓயவில்லை. துபாயில் இருக்கும் பையன்கள், சென்னையில் வேலை பார்ப்பவர்கள், தூத்துக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன்.

நான் பங்குப் பேரவைக்காரன் இல்லை. விசைப்படகு ஓட்டினவன், இடுப்பு போனபின் கரையில் ஐஸ் விற்கிறவன், கோவில் மணி அடிக்கிறவன். எங்கள் பங்குத்தந்தை, அதாவது சாமி, படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார். அக்காவின் தம்பி கேட்டுக்கொண்டபடி அக்காவின் பெயரையும் ஊர்ப் பெயரையும் போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள், மண்டபத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், ராமநாதபுரம் கரையில் ஒரு சின்னப் பங்கு, ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும், என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கோவிலில் என்ன பொறுப்பில் இருந்தார்?

ஒரு பொறுப்பும் கிடையாது. செபமும் மறைக்கல்வியும் சொல்லித்தரும் உபதேசியார் இல்லை, கோவிலைப் பராமரிக்கும் கோவில்பிள்ளை இல்லை, மரியாயின் சேனை என்ற செபக்குழுவில் தலைவியும் இல்லை. பங்குப் பேரவைக்கு வரச்சொல்லி இரண்டு சாமிமார் கேட்டும் மாட்டேன் என்றுவிட்டார். "கையெழுத்துப் போட நிறையப் பேர் இருக்காங்க சாமி, கூட்டிப் பெருக்கத்தான் ஆள் இல்ல" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

பிழைப்பு கடல்பாசி. முழங்கால் தண்ணீரில் நின்று அள்ளுகிற வேலை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையை ஒட்டி வளர்வது. விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பிடுங்க வேண்டும். தீவுகளை ஒட்டிய கடல் 1986இல் தேசியப் பூங்கா ஆனபிறகு அதற்கும் கெடுபிடி வந்துவிட்டது. அக்கா சின்ன வயதில் அம்மாவோடு இறங்கியவர், ஐம்பது தாண்டியும் முங்கினார். பாசி இல்லாத நாளில் கருவாடு. கோவிலிலிருந்து ஒரு ரூபாய் வாங்கியதில்லை. திருவிழா முடிந்ததும் ஒரு சேலை கொடுப்பார்கள். அடுத்த வாரம் அதை வேறு யாராவது கட்டிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் பங்கை 'எல்லோருக்குமான பங்கு' என்று சொல்கிறார்களே, அதில் அக்காவுக்கு என்ன பங்கு?

பங்கு என்ற சொல்லிலேயே பங்கிடுவது இருக்கிறது என்று சாமி பிரசங்கத்தில் சொல்வார். அக்காவுக்குப் பிரசங்கம் வராது. அவர் செய்ததெல்லாம் நேரத்தை மாற்றுவது, பாயை நகர்த்துவது, படியை இடிப்பது மாதிரியான வேலைகள். அதனால்தான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நேரம். எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை கரை சேரும். மீனை இறக்கி, வியாபாரியிடம் கணக்கு முடித்து, வீட்டுக்கு வர ஒன்பது மணி. பூசையோ, அதாவது திருப்பலியோ, ஏழரைக்கு. ஆம்பிளைகள் பூசைக்கு வருவதில்லை என்று வருஷக்கணக்கில் திட்டு வாங்கினோம். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டோம், ஏனென்று யாரும் வாய் திறக்கவில்லை. அக்காதான் அப்போதிருந்த சாமியிடம் போய், "அவங்க வர்ற நேரத்துக்கு நீங்க பூசை வைக்கலாமே" என்றார். ஞாயிறு மாலைப் பூசை அப்படி வந்தது. பாசிக்குப் போகும் பெண்களுக்கும் அது வசதி. நீர் வற்றும் நேரம் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருவதில்லையே.

அடுத்தது காது கேளாத பெண் பிள்ளை ஒன்று. அது படித்த சிறப்புப் பள்ளியின் லீவு நாட்களில், அந்தப் பிள்ளையிடமே உட்கார்ந்து அக்கா சைகை மொழி கற்றார். பூசையில் பீடத்துக்கு முதுகைக் காட்டி, பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, வாசகத்தைக் கையால் சொல்வார். பீடத்துக்கு முதுகு காட்டலாமா என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். "கேக்குறவங்களுக்குக் காது இருக்கு, அவளுக்கு என் கைதான் இருக்கு" என்று அக்கா சொல்ல, சாமி சிரித்துவிட்டார். சாமி சிரித்தால் எங்கள் ஊரில் தீர்ப்பு வந்த மாதிரி.

மண்டபம் முகாமிலிருந்து வருகிறவர்கள் கதை வேறு. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். 'சிலோன்காரங்க' என்று பின்னால் ஒதுங்கியே உட்காருவார்கள். தவக்காலப் பாட்டு அவர்கள் பாடுகிற மெட்டு கொஞ்சம் வேறு, இழுத்து, அழுகிற மாதிரி இருக்கும். அக்கா அந்தப் பெண்களை முன்னால் கூப்பிட்டு, சிலுவைப்பாதைப் பாட்டை நீங்களே பாடுங்கள் என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். இப்போது தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பாட்டைக் கேட்கவே பக்கத்து ஊரிலிருந்து ஆள் வருகிறது.

திருநங்கை தங்கை ஒருத்தி பத்து வருஷம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். எங்கள் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் உட்காருவோம். அவள் இரண்டு பக்கமும் போகாமல் வேப்பமரத்தடியில் நின்று பூசை காண்பாள். மூன்று வாரம் பார்த்த அக்கா, நான்காம் வாரம் தன் பாயைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய் அவளோடு நின்றுவிட்டார். பூசையில் வாசகம் வாசிப்பவர் அக்காதான், அவரே வெளியே நின்றால் பூசை எப்படி நடக்கும்? உபதேசியார் ஓடி வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தார்கள். பிறகு அவளுடைய அண்ணன் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் அவள் ஞானத்தாயாக நிற்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. 2023இல் ரோமில் விசுவாசக் கோட்பாட்டுத் துறை இதைப் பற்றிப் பதில் கொடுத்திருந்தது: திருநங்கையர், திருநம்பியர் ஞானப்பெற்றோராக நிற்பது உரிமையாகக் கேட்கக்கூடியதல்ல, ஆனால் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம், பங்குத்தந்தை விவேகமாக முடிவு செய்யட்டும் என்று. சாமி அதைப் படித்துவிட்டு சரி என்றார். அக்கா அந்தப் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார், கை இரண்டும் சமமாக இல்லை.

சாதியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குக் கல்லறைக் கேள்வியில் பதில் இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசை எப்போது?

சரியாக 30ஆம் நாள் புதன்கிழமை வருகிறது, படகு போகும் நாள். அதனால் அடுத்த நாள், வியாழன் மாலை 6 மணிக்கு. காலையில் கரை சேர்ந்தவர்கள் தூங்கி எழுந்து குளித்துவிட்டு வரலாம். நாளை ஒன்று தள்ளினால் பலன் குறையுமா என்று ஒருவர் கேட்டார். மூன்று, ஏழு, முப்பது என்று நாள் பார்ப்பது நம்மிடம் பழைய வழக்கம், அவ்வளவுதான். செபத்துக்குக் காலண்டர் கிடையாது.

பூசைக்கு முன் ஐந்தரைக்குச் செபமாலை. பூசை முடிந்து கல்லறை மந்திரிப்பு, சாமி கல்லறையை ஆசீர்வதிப்பார். அதற்கப்புறம் டீயும் பன்னும். சாப்பாடு போட வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். 'துக்க வீட்டுல பந்தி எதுக்கு' என்பது அக்காவின் வழக்கமான வசனம், தம்பியும் அதையே சொல்லிவிட்டார்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் வரலாமா? அவர்கள் அக்காவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கலாமா?

வரலாம். முதல் ஆளாக வரப்போவதே எங்கள் தெருமுனை முஸ்லிம் பாட்டியம்மாதான். நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி வாளியை அக்காவிடம் கொடுத்தனுப்புவார், அக்கா அதைக் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு கிழவர்களுக்கு ஊற்றிவிட்டு வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார். அடக்கத்தன்று பாட்டியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரலாமா என்று தெரியாமல். அதற்காகவே இந்தப் பதில்: செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருங்கள். எல்லோரும் எழுந்தால் எழுங்கள், முழங்கால் போட்டால் நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம். நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வரிசை போகும்போது மட்டும் இடத்திலேயே இருங்கள். அது கத்தோலிக்கருக்கான திருவருட்சாதனம், உங்களைத் தள்ளி வைப்பதாக நினைக்க வேண்டாம்.

பூசை ஒப்புக்கொடுப்பதைப் பற்றி: குரு யாருக்காக வேண்டுமானாலும், உயிரோடு இருப்பவருக்கும் இறந்தவருக்கும், திருப்பலி நிறைவேற்றலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் எண் சொல்கிறது. கத்தோலிக்கருக்கு மட்டும் என்று அதில் இல்லை. ஐயர் வீட்டு அம்மா ஒருவர் தன் கணவருக்காக அக்கா மூலம் பூசைக்கருத்து எழுதிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பூசைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

அலுவலகத்தில் கேளுங்கள், நான் தொகை சொல்ல மாட்டேன். ஆனால் காசில்லாமல் தயங்கிக்கொண்டு இருப்பவர்கள் தயங்க வேண்டாம். ஏழைகளின் கருத்துக்காகக் காணிக்கை இல்லாமலே பூசை செய்யச் சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. நேராகச் சாமியிடம் போய்ச் சொல்லுங்கள்.

பூசையில் அக்காவைப் பற்றிப் பேச வேண்டும். யாரிடம் பெயர் கொடுப்பது?

இதுவரை 14 பேர் கேட்டிருக்கிறீர்கள். இறந்தவர்களுக்கான பூசையில் மறையுரை இருக்கலாம், அது புகழுரை ஆகக் கூடாது என்பது திருவழிபாட்டு விதி. நன்மைக்குப் பிறகு ஒருவர் மூன்று நிமிஷம் பேசலாம் என்று சாமி சம்மதித்திருக்கிறார். அது அந்தக் காது கேளாத பிள்ளை. அவள் கையால் பேசுவாள், அவள் அம்மா வாயால் சொல்வார். மீதிப் பேர் டீ குடிக்கும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள்.

பிளெக்ஸ் வைக்கலாமா? கோவிலில் கல்வெட்டு, ஆள் உயரப் படம்?

வேண்டாம். குழல்விளக்கில் உபயம் எழுதியதைப் பார்த்து, "எழுத்துப் போக மிச்சம் இருக்கிற இடத்துல வெளிச்சம் வருது" என்று சொன்னவர் அவர். வீட்டில் படம் மாட்டிக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்.

அக்காவைப் புனிதராக அறிவிக்க மனு கொடுக்கலாமா?

கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பதால் பதில் சொல்கிறேன். இறந்து குறைந்தது 5 வருஷம் ஆன பிறகுதான் சாதாரணமாக அந்த வேலையைத் தொடங்கவே முடியும், தொடங்க வேண்டியவர் ஆயர். எங்கள் பக்கத்து ஓரியூரில் போர்ச்சுக்கீசியக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. அருளாளர் பட்டம் 1853இல், புனிதர் பட்டம் 1947இல். அவர் ரத்தத்தில் சிவந்தது என்று ஊரே மண்ணைத் தூக்கிக்கொண்டு போன மறைசாட்சிக்கே 254 வருஷம். அதுவரை கல்லறையில் உண்டியல் வைப்பது, நவநாள் அச்சடிப்பது எல்லாம் கூடாது. தனியாக, மனசுக்குள் அக்காவிடம் மன்றாடுவதை யாரும் தடுக்க முடியாது. நானே இடுப்பு வலிக்கு மன்றாடிப் பார்த்தேன். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

அக்காவின் கல்லறை எங்கே இருக்கிறது? ஏன் அங்கே வைத்தீர்கள்?

அவர் குடும்பக் கல்லறைகள் இருக்கும் வரிசையில் தேடினால் கிடைக்காது. மேற்குக் கோடியில், பழைய வேலி இருந்த இடத்தை ஒட்டித் தேடுங்கள். அவரே கேட்டு வாங்கிய இடம்.

இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் நடுவே சுவர் உண்டு. ஒரே பீடம், ஒரே நற்கருணை, செத்தால் மட்டும் இரண்டு பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் தலித் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டில் இது எங்கள் ஊரோடு போகிற வெட்கம் இல்லை. மழையில் சுவர் ஒரு பக்கம் சரிந்தபோது திரும்பக் கட்ட வரி போட்டார்கள். அக்கா வரி கொடுக்கவில்லை. வீடு வீடாகப் போய் யாரையும் கொடுக்க விடவும் இல்லை. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டபோது அதன் தமிழ்ச் சுருக்கத்தை எங்கிருந்தோ வாங்கி வந்து, பூசை முடிந்து பேரவைக்காரர்கள் டீ குடிக்கும் இடத்தில் நின்று சத்தமாக வாசித்தார். நானும் அங்கே இருந்தேன். வரி வசூலித்த நோட்டு என் கையில்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அக்கா கனவில் வந்து திட்டுவார்.

சுவர் திரும்ப எழும்பவில்லை. கற்கள் இன்னும் கிடக்கின்றன, ஆடு ஏறி நிற்கும்.

மேற்குக் கோடிக்கு வருகிறேன். அங்கே வேலிக்கு வெளியே புதைக்கப்பட்டவர்கள் சிலர் உண்டு, தற்கொலை செய்துகொண்டவர்கள். 1917ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டம் தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது. 1983இல் வந்த புதுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. சட்டம் மாறிய பிறகும் அந்தக் குழிகள் வேலிக்கு வெளியேதான் கிடந்தன. கல்லறைத் திருநாள் வரும் நவம்பர் 2இல் ஊரே வெள்ளை அடித்து, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றும். அந்த நாலைந்து மேட்டில் எருக்கஞ்செடி மட்டும்தான். அக்கா முதல் திரியை அங்கே ஏற்றிவிட்டுத்தான் தன் அம்மா கல்லறைக்கு வருவார். அவருக்குப் பின்னால் குழந்தைகள், குழந்தைகளுக்குப் பின்னால் அம்மாக்கள். வேலி கறையான் அரித்து விழுந்தது, யாரும் திரும்பப் போடவில்லை.

அங்கேதான் அந்த மரச்சிலுவையும் இருக்கிறது. கடல் திருப்பித் தராதவர்களுக்கானது. அக்காவின் கணவர் கச்சான் காற்றுக் காலத்தில் கடலோடு போனவர், பலகை மட்டும் கரை ஒதுங்கியது. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் வாங்குவது எப்படி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருவரைப் பற்றி 7 வருஷம் தகவலே இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சட்டம். அந்த 7 வருஷமும் அவர் விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. உதவித்தொகைக்குப் போனால் சான்றிதழ் கேட்பார்கள், சான்றிதழுக்குப் போனால் காத்திரு என்பார்கள். பஸ் ஏறி அலைந்து அலைந்துதான் அவர் படிவம் நிரப்பக் கற்றுக்கொண்டார். பிறகு கரை முழுக்க அப்படி நின்ற பெண்களுக்கு மீனவர் நலவாரியப் படிவம், வாரிசுச் சான்று, ஆதார் என்று எல்லாவற்றையும் அவரே எழுதிக்கொடுத்தார்.

அழுவதற்கு ஒரு இடம் வேண்டும், கடலைப் பார்த்து எவ்வளவு நாள் அழுவது என்று கேட்டு, உடைந்த வல்லத்தின் பலகையில் அந்தச் சிலுவையைச் செய்ய வைத்தார். டிசம்பர் 22 இரவு அங்கே ஒரு செபமாலை உண்டு. 1964இல் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன இரவு. அக்காவின் அம்மா அந்தப் புயலில் தப்பி, பாம்பன் வழியாக இந்தக் கரைக்கு வந்தவர்.

அந்தச் சிலுவைக்கும் எருக்கஞ்செடி மேட்டுக்கும் நடுவில் ஆறடி இடம் இருந்தது. அதில்தான் அக்கா இருக்கிறார்.

பணம் அனுப்பலாமா? கணக்கு எண் என்ன?

கணக்கு எண் எதுவும் இல்லை. அக்கா பெயரைச் சொல்லி வாட்ஸப்பில் எண் வந்தால் அது எங்களுடையது இல்லை, யாருக்கும் அனுப்பாதீர்கள். பங்குக்குக் கொடுக்க ஆசைப்படும் வெளிநாட்டுக்காரர்கள் முதலில் சாமியிடம் பேசுங்கள். இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வேறு, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது வேறு. இரண்டாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வரும். தெரியாமல் அனுப்பி, சாமியை ஆபீஸ் ஆபீஸாக அலைய விடாதீர்கள்.

அக்கா செய்த வேலைகளை இப்போது யார் செய்கிறார்கள்?

அவர் போன மறுநாள் பீடத் துணி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இதுதான் நேர்மையான பதில். பிறகு அவர் நோட்டு கிடைத்தது. மளிகைக் கணக்கும் பங்குக் கணக்கும் கலந்து எழுதிய நோட்டு. யார் வீட்டில் சர்க்கரை நோயாளி, யாருக்கு வெள்ளிக்கிழமை நற்கருணை வீட்டுக்கு வர வேண்டும், எந்தப் பெண் அடி வாங்கினால் எந்த சிஸ்டருக்கு போன் போட வேண்டும் என்று எல்லாம் குறித்து வைத்திருக்கிறார். சில பக்கங்களை நாங்கள் படிக்காமல் மூடிவிட்டோம். அது அவரிடம் நம்பிச் சொன்னவர்களுடையது.

துணியும் பாத்திரமும் இளையோர் பார்க்கிறார்கள். வாசகத்தை அந்தத் திருநங்கை தங்கை வாசிக்கிறாள், குரல் நல்ல கணீர். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அக்கா முதல்முதலாக வாசிக்க எழுந்தபோது, தாலி இல்லாதவள் கிறிஸ்துமஸ் பூசையில் முன்னால் நிற்பதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தைத் திருத்தி, வாசகர் பணியையும் பீடப் பணியையும் பெண்களுக்கு முறைப்படி திறந்துவிட்டார். செய்தி வந்த அன்று அக்காவிடம் சொன்னேன். "அப்படியா, இத்தனை நாள் நான் திருட்டுத்தனமாவா வாசிச்சேன்?" என்று கேட்டுவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப்போடப் போய்விட்டார்.

ஆள் கிடைக்காதது இரண்டு வேலைக்கு. ஒன்று படிவம் எழுதுவது. படித்த பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிறு வந்தாலும் போதும். இன்னொன்று, குடித்துவிட்டுக் கோவில் திண்ணையில் படுத்துக்கிடப்பவர்களை எழுப்பி வீட்டில் கொண்டு விடுவது. அதற்கு யாரும் கை தூக்கவில்லை. எனக்கு இடுப்பு வலி என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

கச்சத்தீவு திருவிழாவுக்கு அக்காதான் பெயர் பதிவார். இனி?

எங்கள் ஊர்ப் பட்டியலை உபதேசியார் எடுப்பார், மொத்த ஏற்பாடு வழக்கம்போல ராமேசுவரம் வேர்க்கோடு பங்கிலிருந்து. 1974 ஒப்பந்தப்படி அந்தோனியார் கோவிலுக்குப் போக பாஸ்போர்ட், விசா வேண்டாம், ஆனால் அடையாள அட்டை நகல் இல்லாமல் படகில் ஏற்ற மாட்டார்கள். கடைசி நாளில் நகலைத் தேடாதீர்கள்.

அவரிடம் குறையே இல்லையா?

இருந்தது. இறந்தவரைப் பற்றி ஏன் என்று சிலர் முகம் சுளிக்கலாம், எனக்கு அவரைத் தெரியும் என்பதால் சொல்கிறேன். சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டார். பீடத் துணி எங்கே என்று தெரியாமல் நாங்கள் நின்றதற்கு அதுதான் காரணம். அடுத்தவர் கூட்டிய இடத்தை அவர் கண் முன்னாலேயே மறுபடி கூட்டுவார். நாக்கு கத்தி. ஒரு திருவிழாவில் சப்பரத்துக்கு சீரியல் லைட் போட்டதற்கு என்னை, "உன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு போட்டிருக்க மாட்ட" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எட்டு மாதம் பேசவில்லை. ஒரு தடைக்காலத்தில், ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவே படகெல்லாம் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில், என் வீட்டு அடுப்பு சரியாக எரியவில்லை என்பதை எப்படியோ மோப்பம் பிடித்து, கருவாட்டுப் பொட்டலத்தை என் மகளிடம் கொடுத்தனுப்பினார். அப்போதும் என்னிடம் பேசவில்லை. நன்றி சொல்லப் போனேன். "சப்பரத்து லைட்ட கழட்டிட்டியா?" என்றார்.

கோவில் பின்வாசலில் இருக்கும் ஸ்டூல் யாருடையது?

அதை எடுக்க வேண்டாம். வலை இழுக்கும்போது காலை இழந்த பெரியவர் ஒருவர் ஞாயிறு மாலைப் பூசைக்கு வருவார். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, எல்லோர் நடுவிலும் நாற்காலியில் உட்காரக் கூச்சம். அதனால் பின்வாசல் ஓரமாக, தூண் மறைவில், அந்த ஸ்டூல். அருகே இருந்த இரண்டு படியையும் அக்கா சொல்லித்தான் இடித்துச் சரிவாக்கினோம். போன ஞாயிறு அவர் வந்தபோது ஸ்டூல் இல்லை. ஒன்றும் சொல்லாமல் தூணில் சாய்ந்து நின்றே பூசை கண்டிருக்கிறார். மணி அடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் பார்த்தேன். கூட்டும்போது யாரோ தூக்கி சப்பரக் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். எடுத்து வந்து அதே இடத்தில் போட்டாயிற்று, ஒரு கால் ஆடுகிறது, வியாழனுக்குள் ஆணி அடித்துவிடுவேன்.